அக்கா மகன் சேசு சபையில் சேர்கிறேன் என்கிறான்: கல்லூரி ஃபாதர்களின் வாழ்க்கை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொலுசுக்காரன் (சேலம்)

எல்லோருக்கும் வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நாலு ரோடு குழந்தை இயேசு கோயில்தான் எங்கள் பங்கு. என் அக்காவுக்கு ஒரே பையன். அத்தான் இறந்து போய் ஆறு வருடம் ஆகிறது. பையன் சேசு சபை (ஜெசூட்) ஃபாதர்கள் நடத்தும் ஒரு கல்லூரியில் விடுதியில் தங்கிப் படித்தான், பி.எஸ்சி. இயற்பியல். ரிசல்ட் வந்த மறுநாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டே, "அம்மா, நான் ஃபாதர்களோட சேந்துடலாம்னு இருக்கேன்" என்றான். கரண்டியைக் கீழே வைத்த அக்கா, அதற்கப்புறம் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தாய்மாமன் என்கிற முறையில் பஞ்சாயத்து என்னிடம் வந்திருக்கிறது. அவனைக் கேட்டால் சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார், அவரோடு இருந்த சவேரியார் என்று ஆரம்பிக்கிறான். அக்காவுக்கு அதெல்லாம் வேண்டாம். அக்கா என்னைக் கேட்டுவரச் சொன்னது இவ்வளவுதான்: காலேஜில் வாத்தியாராகப் போட்டால் சம்பளம் யாருக்குப் போகும்? கையில் பத்து ரூபாய் இருக்குமா? காய்ச்சல் வந்தால் கஞ்சி யார் வைப்பார்கள்? நான் செத்தால் வர விடுவார்களா? எனக்கப்புறம் இந்த வீடு என்ன ஆகும்?

பங்குச் சாமியாரிடம் போனேன். "நாங்க மறைமாவட்டம், ஆயருக்குக் கீழ இருக்கறவங்க, அவங்க வேற. அவங்க கதையை அவங்ககிட்டயே கேளுங்க" என்று சிரித்துவிட்டார். ஏற்காட்டில் ஃபாதர்கள் பள்ளிக்கூடம் இருக்கிறதே, அங்கே போய்ப் பார்த்துவரலாமா என்று யோசிக்கிறேன். இங்கே யாராவது அவர்களோடு பழகியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். புகழவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

மலைக்காப்பி (ஏற்காடு)

அண்ணா, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து ஏமாந்துவிடாதீர்கள். ஏற்காட்டில் நீங்கள் தேடுகிற ஆட்கள் இல்லை.

மான்ட்ஃபோர்ட் பள்ளியை 1917இல் தொடங்கியவர்கள் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள். அவர்கள் பிரதர்கள், குருக்கள் கிடையாது, பூசை வைக்க மாட்டார்கள். அங்கியைப் பார்த்து ஊரே 'ஃபாதர்' என்று கூப்பிடும், அவர்களும் திருத்தித் திருத்திக் களைத்துப்போய் விட்டுவிட்டார்கள். 'ரிட்ரீட்' என்று நாங்கள் சொல்லும் பெரிய கட்டடம் டான் பாஸ்கோவின் சலேசிய சபை. கான்வென்ட் குளூனி சிஸ்டர்கள். இந்தச் சின்ன மலைக்குள் இத்தனை சபை. எஸ்டேட்டில் முப்பது வருடம் கணக்கு எழுதிய எனக்கே யார் எந்தச் சபை என்று பிரித்துச் சொல்ல வயது நாற்பது ஆயிற்று.

சேசு சபை ஆட்களென்றால் பெயருக்குப் பின்னால் 'சே.ச.' என்று போட்டிருக்கும். கல்லூரிகள் திருச்சி புனித வளனார், பாளையங்கோட்டை புனித சவேரியார், சென்னை லயோலா, கருமாத்தூர் அருள் ஆனந்தர். உங்களுக்குப் பக்கத்தில் என்றால் நாமக்கல் மாவட்டம் மெட்டாலாவில் ஒரு லயோலா கல்லூரி இருக்கிறது. ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகும் வழி.

வெளியே வந்தவன் (ஆத்தூர்)

நான் அந்தச் சபையில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுக் குருப்பட்டம் வாங்காமல் வெளியே வந்தவன். கோபத்தில் வரவில்லை, நல்லபடியாகச் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். இன்று எனக்கு இரண்டு குழந்தைகள். அக்காவுக்குச் சொல்வதற்கு வேண்டியதை வரிசையில்லாமல் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், உங்கள் பையன் நாளைக்கே வாத்தியார் ஆகிவிட மாட்டான். முன்பயிற்சி, அப்புறம் இரண்டு வருடம் நவதுறவகம், அதாவது புதிதாகச் சேர்பவர்களுக்கான பயிற்சி இல்லம். நான் இருந்தது திண்டுக்கல் பெஸ்கி இல்லம். அங்கேதான் முப்பது நாள் மௌனத் தியானம், இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகள். வாயாடியான எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அந்த இரண்டு வருடம் முடிந்ததும் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வாக்கு. அப்புறம் படிப்பு, தத்துவம் (எனக்குச் சென்னை சத்திய நிலையம்), இரண்டு வருடம் ஏதாவது பள்ளியிலோ விடுதியிலோ வேலை, அதற்கப்புறம் இறையியல், பிறகுதான் பட்டம். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிவிடும். நடுவில் எந்த நாளும் கதவு திறந்துதான் இருக்கும். யாரும் காலைக் கட்டிப்போட மாட்டார்கள், அதற்கு நானே சாட்சி.

கல்லூரியில் போட்டால் இருப்பது கல்லூரி வளாகத்திலேயே ஒரு வீட்டில், 'இல்லம்' என்போம். பெரிய கல்லூரியில் இருபது முப்பது பேர், சின்னதில் நான்கைந்து பேர்கூட இருப்பார்கள். ஆளுக்கு ஒரு அறை. கட்டில், மேசை, புத்தக அலமாரி, கொடியில் இரண்டு அங்கி. வீட்டுக்குத் தலைவர் ரெக்டர். வெளியாட்கள் கல்லூரி முதல்வர்தான் எல்லாம் என்று நினைப்பார்கள். வீட்டுக்குள் வந்தால் முதல்வரும் ரெக்டருக்குக் கட்டுப்பட்டவர்தான். 'மினிஸ்டர்' என்று ஒருவர் உண்டு. கோட்டையில் இருக்கும் மந்திரி மாதிரி நினைக்காதீர்கள். மளிகை, கேஸ் சிலிண்டர், விருந்தாளி அறைச் சாவி, யாருக்குச் சர்க்கரை யாருக்கு உப்பு ஆகாது, இதெல்லாம் அவர் பொறுப்பு. கஞ்சி யார் வைப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில்: சமையற்காரர் வைப்பார், மினிஸ்டர் அறை வரைக்கும் கொண்டுவருவார்.

காலை ஐந்தரைக்கு எழுந்தால் தியானம், பூசை, டிபன், வகுப்பு. மத்தியானமும் இரவும் கால் மணி நேரம் ஆன்மசோதனை: இன்றைக்கு எங்கே தவறினேன் என்று தனக்குத்தானே கணக்குப் பார்ப்பது. மற்ற மடங்களில் இருப்பதுபோலக் கூட்டமாக நின்று மணிக்கணக்கில் பாடும் செபம் இவர்களுக்குக் கிடையாது. இஞ்ஞாசியாரே வேண்டாம் என்று எடுத்துவிட்டார். அதற்கெல்லாம் மணி அடித்துக்கொண்டிருந்தால் வெளியே வேலைக்கு எப்படிப் போவது என்பது அவர் கணக்கு. எங்களுக்குத் துணியில் நம்பர் தைத்திருக்கும், சலவையில் மாறாமல் இருக்க. என் நம்பர் 31. அந்த நம்பர் போட்ட துண்டு ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது, அதை மட்டும் என் மனைவி தூக்கிப் போட விடுவதில்லை.

அம்மா இறந்தால் கட்டாயம் வருவார். வருடத்துக்கு ஒரு முறை வீட்டு விடுமுறையும் உண்டு. நவதுறவக இரண்டு வருடம் மட்டும் கட்டுப்பாடு அதிகம். வீட்டு விஷயம்: பட்டத்துக்கும் அப்புறம் வரும் கடைசி வாக்கைக் கொடுப்பதற்கு முன்பு அவன் பேரில் இருக்கும் சொத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். யாருக்கு என்பது அவன் விருப்பம். அந்த நாள் வர இன்னும் பதினைந்து வருடம்கூட ஆகும். அதற்குள் அக்கா மருமகள் வேறு பார்த்துவிடப் போகிறது என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லி வையுங்கள்.

பழைய விடுதி (ஓமலூர்)

1994இல் திருச்சியில் படித்தேன். விடுதியில் எங்கள் வராந்தா முனையில் வார்டன் ஃபாதர் அறை. நடந்துவரும் சத்தத்தை வைத்தே எவன் என்று சொல்லிவிடுவார். அவர் அறை விளக்கு அணைந்து நாங்கள் பார்த்ததில்லை. ராத்திரி சினிமாவுக்குச் சுவர் ஏறிக் குதிப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய தொல்லை என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

ஒரு ராத்திரி ஒரு மணிக்குக் கதவைத் தட்டினார். ஆத்தூரிலிருந்து ஃபாதர்கள் வீட்டுக்குப் போன் வந்திருந்தது, அப்பா தவறிவிட்டார். அவர் ஒன்றும் பேசவில்லை. என் பையை அவரே எடுத்து வைத்தார். பஸ் ஸ்டாண்டுக்கு ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போய், நாமக்கல் வழிச் சேலம் பஸ்ஸில் ஏற்றி, கையில் 200 ரூபாய் வைத்தார். பஸ் கிளம்பும் வரைக்கும் ஜன்னலுக்குக் கீழேயே நின்றார். அங்கி இல்லாமல் லுங்கியும் பனியனுமாக அவரை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். பணத்தைப் பிறகு திருப்பிக் கொடுத்தபோது, "எங்கிட்ட ஏன் கொடுக்கிற? ஆபீஸ்ல கட்டிட்டு ரசீது வாங்கிக்கோ" என்றார். அப்போது எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அப்துல் கலாம் ஐயாவும் அந்த விடுதிதான், 1950களில். ஆங்கில வாத்தியார் செக்வீரா ஃபாதர்தான் அவர்களுக்கு வார்டன். கலாம் சைவ மெஸ்ஸுக்குச் செயலாளராக இருந்தாராம், ரெக்டரை ஒரு ஞாயிறு மெஸ்ஸுக்கே அழைத்துச் சோறு போட்டதை எழுதியிருக்கிறார். வீட்டுத் தலைவரைப் பையன்கள் சாப்பிடக் கூப்பிடலாம் என்கிற பழக்கம் எங்கள் காலத்திலும் கொஞ்சம் இருந்தது.

வெளியே வந்தவன் (ஆத்தூர்)

> "ஆபீஸ்ல கட்டிட்டு ரசீது வாங்கிக்கோ"

அண்ணா, அந்த 200 அவர் காசு இல்லை. அவருக்குக் காசே கிடையாது. மாதச் செலவுக்கு வீட்டுப் பொருளாளரிடம் வாங்குவோம், மாதக் கடைசியில் எழுதிக் கொடுக்க வேண்டும். சவரம், பேனா, பஸ், டீ. அவர் நோட்டில் அந்த மாதம் 'மாணவன், பஸ், 200' என்று ஒரு வரி இருந்திருக்கும். நீங்கள் கையில் கொடுத்ததை வாங்கியிருந்தால்தான் சிக்கல்.

ரசீதுப் புத்தகம் (சேலம்)

உதவிபெறும் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தா. சம்பளக் கேள்வியை என்னிடம் விட்டுவிடுங்கள்.

அரசு உதவிபெறும் பணியிடத்தில் ஒரு ஃபாதர் சேர்ந்தால் மற்ற பேராசிரியர்களுக்கு உள்ள அதே தகுதி, அதே சம்பள விகிதம். அங்கி போட்டிருக்கிறார் என்று நெட் தேர்விலோ பிஎச்.டி.யிலோ யாரும் சலுகை தருவதில்லை. கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம் வழியாகச் சம்பளம் அவர் பெயருக்குத்தான் வரும். வந்த மறு நிமிடம் முழுவதும் இல்லத்தின் பொதுக் கணக்குக்குப் போய்விடும். ஓய்வூதியமும் அப்படியே. ஆக, கல்லூரியின் மூத்த பேராசிரியர் லட்சத்துக்கு மேல் வாங்குவார், பஸ் காசுக்கு வீட்டுப் பொருளாளரைத் தேடுவார். நான் கண்ணால் பார்த்தது இது.

இதில் பெரிய வழக்கு ஒன்று நடந்தது. 1944இல் வந்த ஒரு சுற்றறிக்கையை வைத்து, சபைக்கு அப்படியே போய்விடும் வருமானத்துக்குத் துறவியிடம் வரி பிடிக்க வேண்டாம் என்று பல வருடம் நடைமுறை இருந்தது. பிறகு வருமான வரித் துறை, அரசு தரும் சம்பளத்தில் மூலத்திலேயே பிடித்தாக வேண்டும் என்றது. சபைகள் கோர்ட்டுக்குப் போயின. வாக்கு கொடுத்த துறவி திருச்சபைச் சட்டப்படி உலகத்துக்கு இறந்தவர் மாதிரி, அவருக்கென்று வருமானமே இல்லை என்பது அவர்கள் வாதம். சம்பளம் ஆளுக்குத்தான் தருகிறோம், வாங்கிய பிறகு அவர் யாருக்குக் கொடுத்தால் என்ன என்பது அரசின் வாதம். 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்பு சொன்னது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளிவிட்டது. இப்போது எல்லோரையும் போலப் பிடித்தம் உண்டு.

எனக்கு இதில் யார் பக்கம் என்று கேட்காதீர்கள். ஆனால் உலகத்துக்கு இறந்தவர் ஒவ்வொரு வருடமும் படிவம் 16 (வரிப் பிடித்தச் சான்று) கேட்டு என் மேசைக்கு வந்து நின்றதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

இரண்டாம் ஷிப்ட்

எல்லோரும் நல்லதே எழுதுகிறீர்கள், நானும் ஒன்று சொல்கிறேன். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. ஃபாதர்கள் நடத்தும் கல்லூரியில் அரசு உதவி இல்லாத சுயநிதிப் பிரிவில் பதினொரு வருடம் பாடம் எடுத்தவள் நான்.

அவர்களுக்கு வீடும் வேலையும் ஒரே இடம். கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு வைப்பார்கள். மெஸ்ஸில் அவர்களுக்குச் சாப்பாடு எட்டு மணிக்கு, தயாராக இருக்கும். எனக்கு வீட்டில் சோறு நான் போனால்தான். பிள்ளையை டியூஷனிலிருந்து கூப்பிட வேண்டும் என்று எழுந்தால், "மேடம், இது வெறும் வேலை இல்லை, ஒரு பணி" என்பார் ஒரு ஃபாதர். பணிதான் சாமி. ஆனால் உங்களுக்கு ஆறு மணி என்பதே கிடையாது, எனக்கு உண்டு. உதவிபெறும் பிரிவில் இருப்பவர் வாங்குவதில் கால்வாசிகூட இல்லாத சம்பளத்தில் அந்தப் பணியைச் செய்யச் சொன்னால் கொஞ்சம் கசக்கும்.

அடுத்தது மாற்றல். ஒருவர் வந்து நூலகத்தை மாற்றுவார், மூன்று நான்கு வருடத்தில் போய்விடுவார். அடுத்தவர் வந்து அதைத் திரும்ப மாற்றுவார். இருந்து அனுபவிப்பது நாங்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. எனக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தது முதல்வர் ஃபாதர்தான், வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் சம்பளத்தில் விடுப்புப் பிடித்தம் போட்ட தாளில் கையெழுத்தும் அவருடையதுதான்.

வெளியே வந்தவன் (ஆத்தூர்)

அக்கா, இதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. உள்ளே இருந்தபோது நானும் ஆறு மணிக்குக் கூட்டம் போட்டவன்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு ராத்திரி அலைந்த பிறகுதான் அந்தக் கடிகாரம் எல்லோர் வீட்டுச் சுவரிலும் இல்லை என்று புரிந்தது.

மாற்றலுக்கு ஒரு காரணம் மட்டும் சொல்கிறேன், சமாதானமாக இல்லை. யார் எந்த இடத்துக்கு என்று 'ஸ்டேட்டஸ்' என்ற பட்டியல் வருடா வருடம் வரும். சபையின் மாநிலத் தலைவர் (புரொவின்ஷியல்) ஒவ்வொருவரையும் வருடத்துக்கு ஒரு முறை தனியாக உட்காரவைத்துக் கேட்பார், அப்புறம் போடுவார். ரெக்டர் பதவியே பொதுவாக ஆறு வருடத்துக்கு மேல் போகாது. ஒரு இடம் 'என்னுடையது' ஆகிவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். ஆனால் அந்த நோக்கத்துக்கு வாடகை கொடுப்பது நீங்கள் என்பதை நீங்கள் சொல்லித்தான் யோசிக்கிறேன்.

ஆள் குறைவும் ஒரு காரணம். 1960களின் நடுவில் உலகம் முழுக்க 36,000 சேசு சபையினர் இருந்தார்கள், இன்று சுமார் 14,000. முன்பு ஒரு துறைக்கு இரண்டு ஃபாதர்கள் இருந்த கல்லூரியில் இன்று மூன்று துறைக்கு ஒருவர். வராந்தா முனை அறையில் இப்போது பெரும்பாலும் சம்பளத்துக்கு வந்த வார்டன்தான் இருக்கிறார். அவரும் நல்லவராக இருக்கலாம். எட்டு மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டியவர்.

மஞ்சள்மண்டி (நாமகிரிப்பேட்டை)

என் மகள் மெட்டாலாவில் படிக்கிறாள். ஊரில் மஞ்சள் காய்ந்துகொண்டிருக்கும்போது பஸ்ஸில் ஏறினால் அரை மணியில் காலேஜ். ஆஞ்சநேயர் கோயில் தாண்டிப் போக வேண்டும், குரங்குக்குப் பயந்து டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொள்வாள். நாங்கள் இந்துக்கள். சேர்க்கும்போது என் அப்பா முணுமுணுத்தார். இப்போது ஃபீஸ் கட்டப் போவதே அவர்தான். ஃபாதரோடு மழை, விலை என்று பேசிவிட்டு வருவார். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் முதன்முதலில் டிகிரி படிக்கும் பெண்கள் அங்கே நிறைய. திருச்சி, சென்னை அளவுக்குக் கட்டடம் கிடையாது.

மட்டுறுத்துநர்

மதமாற்றம் பற்றிய இரண்டு பதிவுகளும் அதற்குப் பதிலாக வந்த ஒன்றும் நீக்கப்பட்டன. கேட்டவர் ஒரு குடும்ப விஷயம் கேட்டிருக்கிறார். சண்டைக்கு வேறு இழைகள் இருக்கின்றன.

ஏடு (சேலம்)

நீக்கியது சரி. ஆனால் சேலத்துக்கும் சேசு சபைக்கும் உள்ள பழைய கணக்கைச் சொல்லாமல் விடக் கூடாது.

தத்துவ போதகர் என்று நாம் சொல்லும் ராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்தவர். 1623இல் அங்கிருந்து வடக்கே நடந்து, திருச்சி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்திருக்கிறார். காவியும் பூணூலும் மரக்கட்டைச் செருப்புமாக ஒரு ரோமாபுரிக்காரர் நம்ம ஊர் வீதியில். இங்கே திருமங்கல நாயக்கர் என்ற பிரபு அவரிடம் ஞானஸ்நானம் வாங்கினார்.

அப்புறம் ஏன் சேலத்தில் அவர்கள் இல்லை? 1773இல் பாப்பரசர் சபையையே கலைத்துவிட்டார், 1814இல்தான் திரும்ப உயிர் வந்தது. நடுவில் இந்தப் பக்கத்து மிஷனைப் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் எடுத்துக்கொண்டார்கள். 1838இல் சேசு சபையினர் மதுரைப் பக்கம் திரும்பி வந்தபோது சேலம் அவர்கள் கைக்கு வரவில்லை. 1930இல் சேலம் மறைமாவட்டம் ஆனபோதும் முதல் ஆயர் பாரிஸ் சபைக்காரர்தான். உங்கள் பங்குச் சாமியார் "அவங்க வேற" என்று சிரித்ததற்குப் பின்னால் இருநூற்றைம்பது வருடம் இருக்கிறது.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. நோபிலி பிராமண சந்நியாசி வாழ்க்கையைக் கடைப்பிடித்ததால், முன்பே மதுரையில் இருந்த சக சேசு சபைக் குருவோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதையே நிறுத்தினார். சாதி ஆசாரம் கெடக் கூடாது என்று. இன்றைக்கு அந்த இல்லங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். சாதி அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே வரவே இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஆனால் மேசை ஒன்றுதான்.

செடிகொடி (ஏற்காடு)

தாவரவியல் ஆசிரியை. மலைக்காப்பி அண்ணா "ஏற்காட்டில் நீங்கள் தேடுகிற ஆட்கள் இல்லை" என்று எழுதியிருந்தார். குடியிருக்கவில்லை, சரி. ஆனால் ஒருவர் இந்த மலையை எங்களைவிட நன்றாக அறிந்திருந்தார்.

கே.எம். மேத்யூ சே.ச., திருச்சி புனித வளனார் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். 1967இல் அங்கே ராபினாட் ஹெர்பேரியத்தை, அதாவது உலர்த்திய செடிகளின் காப்பகத்தைத் தொடங்கினார். ராபினாட் என்பதும் ஒரு பிரெஞ்சு சேசு சபைக் குருவின் பெயர்தான், அவரும் செடி பொறுக்கியவர். மேத்யூவும் அவர் மாணவர்களும் சேர்வராயன், கொல்லிமலை, கல்வராயன், பச்சமலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகள் முழுக்க ஏறி இறங்கி, 'கர்நாடிக்' எனப்படும் தமிழகப் பகுதியின் (கர்நாடக மாநிலம் இல்லை) தாவரங்களைத் தொகுத்தார்கள். 1981 முதல் தொகுதி தொகுதியாக வந்தது. நாங்கள் முதுகலையில் பெயர் கண்டுபிடிக்க முடியாமல் தவித்தால், கடைசியில் போய் நிற்பது அந்தத் தொகுதிகள் முன்னால்தான்.

செடி சேகரிப்பது என்றால் என்ன என்று சொல்கிறேன். பூவோடும் காயோடும் கிளையை ஒடித்து, செய்தித்தாளுக்குள் இலையின் ஒரு பக்கம் மேலும் ஒரு பக்கம் கீழும் தெரியும்படி விரித்து, பலகை வைத்து வாரால் இறுக்க வேண்டும். ஈரம் போகும் வரை தினம் தாளை மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஒரு நாள் மாற்றாமல் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். கட்டுக்கட்டாகச் செடியோடு மலையிலிருந்து இறங்குபவருக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. குடும்பம் வைத்திருப்பவர் வருடக்கணக்கில் இப்படிச் செய்ய முடியாதா என்றால், முடியும். என் கைடு செய்தார். அவர் மனைவியிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்.

இரண்டாம் ஷிப்ட்

> "அவர் மனைவியிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்"

இதைத்தான் நான் சொன்னேன்.

கொலுசுக்காரன் (சேலம்)

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. போன சனிக்கிழமை பட்டறைக்கு லீவு விட்டுவிட்டு, அக்காவையும் பையனையும் கூட்டிக்கொண்டு அவன் படித்த கல்லூரிக்கே போய் வந்தோம். உங்கள் பதிவுகளை எல்லாம் பஸ்ஸில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ஆறு மணிக் கூட்டத்தைக் கேட்டதும், "பாத்தியா, இவனும் நாளைக்கு அப்படித்தான் ஒரு பொம்பளையைக் காக்க வைப்பான்" என்றது. பையன் ஒன்றும் பேசவில்லை.

ஃபாதர்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் எங்களையும் உட்கார வைத்தார்கள். சாம்பார், பீட்ரூட் பொரியல், ஒரு துண்டு மீன். ரெக்டர் வந்து அரை மணி நேரம் பேசினார், நல்ல மனிதர், ஆனால் அக்கா அவர் பேச்சைக் கேட்டதாகத் தெரியவில்லை. சுவரோரம் ஒரு மேசையில் பிளாஸ்டிக் மாத்திரை டப்பாக்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டி, காலை, மதியம், இரவு என்று தடுப்பு. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் எண்ணியது. பதினொன்று. சர்க்கரைக்கு அதுவும் மாத்திரை போடுகிறது, அதனால் எது எதற்கு என்று தெரிகிறது. "இது சர்க்கரைக்கு, இது பிரஷருக்கு, இது யாருக்கோ ஹார்ட்டுக்கு" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தது.

அப்போது எண்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு ஃபாதர் கைத்தடியோடு வந்து தன் டப்பாவை எடுத்தார். வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம். கை நடுக்கத்தில் மூடி திறக்கவில்லை. நான் எழுவதற்குள் பரிமாறிக்கொண்டிருந்த பையன் ஒருத்தன், பயிற்சியில் இருக்கிறவன் போல, வந்து திறந்து, மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, அவர் விழுங்கும் வரை தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியவர் அவனைத் திட்டினார், தண்ணீர் சூடாக இருக்கிறதாம். அவன் சிரித்துக்கொண்டே போய் மாற்றிக் கொண்டுவந்தான்.

அக்கா பெரியவரிடமே கேட்டுவிட்டது: "சாமி, உங்க அம்மா எப்படி விட்டாங்க?" அவர், "எங்க விட்டாங்க? மூணு வருஷம் லெட்டருக்குப் பதிலே போடலையே" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "நாலாவது வருஷம் ஊறுகாய் கொடுத்துவிட்டாங்க" என்றார்.

திரும்பும்போது அக்கா பஸ்ஸில் தூங்கிவிட்டது. சம்மதம் என்று இன்னும் வாயால் சொல்லவில்லை. இன்று காலை கடைக்குப் போய்விட்டு வந்து என்னைக் கேட்டது, அதனால் இங்கே கேட்கிறேன். வெளியே வந்தவன் தம்பி, சேரும்போது எத்தனை பெட்ஷீட், எத்தனை வேட்டி கொண்டுவரச் சொல்வார்கள்? நம்பர் தைக்கச் சிவப்பு நூலா, கறுப்பு நூலா?

வெளியே வந்தவன் (ஆத்தூர்)

இரண்டு பெட்ஷீட், நான்கு வேட்டி போதும் அண்ணா. பட்டியல் அவர்களே அனுப்புவார்கள். நம்பர் அங்கே போன பிறகுதான் கொடுப்பார்கள், இப்போதே தைக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். எனக்குச் சிவப்பு நூல்.